வலி மறந்த கால்களுக்கு ஒரு செருப்பு

உள் கணுவுக்கும் குதிகாலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். நாடி துடிப்பது தெரியும். அந்த ரத்தக்குழாயை ஒட்டியே உள்ளங்காலுக்குப் போகும் நரம்பும் இறங்குகிறது. அடியில் எலும்பு; மேலே, தோலுக்குக் கீழ், பட்டையான ஒரு நார். இரண்டுக்கும் இடையிலுள்ள சந்துக்குள் விரல்களை மடக்கும் தசைநாண்கள், தமனி, சிரைகள், நரம்பு எல்லாம் சேர்ந்தே போயாக வேண்டும். நரம்பு வீங்கிவிட்டால் அங்கே இடம் போதாது. வீங்கிய விரலில் மாட்டிக்கொண்ட மோதிரத்தைப் போல அந்த நார்ப்பட்டை நரம்பை இறுக்கிவிடும்.

அப்படி இறுகும்போது என்ன ஆகும் என்பதை எங்கள் வடாற்காட்டு ஜனங்கள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். “உள்ளங்கால் மிளகாய் அரைச்சு வச்ச மாதிரி எரியுது.” “கணுவுல தட்டினா பெருவிரல் வரைக்கும் சுரீர்னு ஓடுது.” “ராத்திரி படுத்தா காலை எங்க வைக்கிறதுன்னே தெரியல.” சில மாதம் கழித்து அதே ஆட்கள் திரும்பி வந்து, “இப்ப வலி இல்லைங்க, மதமதப்பா இருக்கு, அவ்வளவுதான்” என்பார்கள். வலி போய்விட்டது என்று அவர்கள் நிம்மதியோடு சொல்லும் அந்த நாளில்தான் என் வேலை ஆரம்பமாகும்.

என் அப்பா குடியாத்தம் கடைத்தெருவில் டயர் செருப்பு தைத்தவர். அவரிடம் கற்ற தொழிலோடு நான் ஒரு தொழுநோய் மருத்துவமனையின் செருப்புப் பட்டறையில் சேர்ந்தேன். உணர்ச்சி இழந்த பாதங்களுக்கு எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு செய்வதே என் பிழைப்பாகவும் படிப்பாகவும் ஆனது. இந்தச் செருப்பு பிறந்த கதை வேலூர் மண்ணில் நடந்தது. இன்று சர்க்கரை நோய்க்காக மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ மெத்தென்ற செருப்பு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களில் பலருக்கு அந்தக் கதை தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொழுநோய்க்குக் கிருமிதான் காரணம் என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டது 1873இல். அதற்குப் பிறகும் பல காலம், விரல்கள் தேய்வதும் பாதம் குழிவிழுந்து புண்ணாவதும் நோயின் இயல்பு என்றே மருத்துவர்களும் எண்ணினார்கள். சதை தானாகவே அழுகி உதிர்கிறது, அதைத் தடுக்க வழியில்லை என்பதே பொதுவான முடிவு. ஊர் அதைவிடக் கொடுமையான முடிவை எடுத்து வைத்திருந்தது. பாவம், சாபம், வம்ச தோஷம் என்று பெயர் வைத்து மனிதர்களை எல்லைக்கு வெளியே தள்ளியது.

அந்த நினைப்பை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரித் தம்பதியின் மகனாக 1914இல் அங்கே பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அப்போது அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த ராபர்ட் காக்ரேன் தொழுநோயில் பெரிய நிபுணர். தொழுநோய்க்கான டாப்சோன் மருந்தை இந்தியாவில் தொடக்க காலத்திலேயே கொடுத்துப் பார்த்தவர். அவர் பிராண்டைச் செங்கல்பட்டை அடுத்த திருமணியிலிருந்த தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துப் போனார். மடங்கிப்போன ஒரு கையைப் பிடித்துப் பார்த்த பிராண்ட், அதன் பிடி இரும்பு மாதிரி இறுகியதை உணர்ந்தார். அந்தக் கையில் சில தசைகள் செத்திருந்தன. மற்றவை முழு பலத்தோடு இருந்தன. அழுகும் சதைக்கு இந்த பலம் ஏது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

விடை தேடியவர்களுக்கு ஒரு பிணப் பரிசோதனை பெரிய வெளிச்சம் கொடுத்தது. செங்கல்பட்டில் இறந்துபோன ஒரு நோயாளியின் உடலில், கை கால் நரம்புகளை மேலிருந்து கீழ்வரை இரவோடு இரவாகப் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். நரம்பு எல்லா இடத்திலும் தடித்திருக்கவில்லை. முழங்கைக்கு மேலே, மணிக்கட்டுக்கு மேலே, முழங்காலின் வெளிப்பக்கம், உள் கணுவுக்குப் பின்னால் என்று குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வீங்கியிருந்தது. தசைக்கு அடியில் ஆழமாக ஓடும் இடங்களில் நரம்பு நன்றாகவே இருந்தது. வீங்கிய இடங்கள் எல்லாம் நரம்பு தோலுக்கு அருகே வந்து, உடல் சூடு கொஞ்சம் குறையும் இடங்கள். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும். கணுக்கால் போன்ற இடத்தில் அத்தோடு இன்னொரு கேடும் சேர்கிறது. கிருமியை எதிர்த்து உடல் போரிடும்போது நரம்பு வீங்குகிறது. வீங்கிய நரம்பை எலும்பும் நார்ப்பட்டையும் நெரிக்கின்றன. நெரிபடும் நரம்புக்கு ரத்தம் குறைகிறது. உள்ளங்கால் பெரும்பாலும் ஒரே நரம்பை நம்பி இருப்பதால், அந்த ஒரு சந்தில் நடக்கும் நெரிசல் பாதத்தையே ஊமையாக்கிவிடும்.

அந்தச் சந்தில் நடக்கும் நெரிசலுக்கு மேல்நாட்டு மருத்துவ ஏடுகளில் தனியாக ஒரு நோய்ப்பெயர் கிடைத்தது 1962இல். அமெரிக்காவில் கெக் என்பவரும் பிரிட்டனில் லாம் என்பவரும் தனித்தனியே, தொழுநோய் இல்லாதவர்களிடமும் அங்கே நரம்பு நசுங்கி எரிச்சலும் மதமதப்பும் வருவதை எழுதினார்கள். டார்சல் டனல் சிண்ட்ரோம் என்று இன்று எலும்பு மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். பாதத்தின் முன்பகுதியில், விரல்களுக்கு நடுவே நரம்பு தடித்து வரும் வலியை ஃபிலடெல்ஃபியாவின் தாமஸ் மார்ட்டன் 1876இலேயே விவரித்திருந்தார். காலில் நரம்பு நசுங்குவது ஏழை, பணக்காரன், நோயாளி, ஆரோக்கியமானவன் என்று பார்ப்பதில்லை.

அது பிராண்டுக்கே ஒருமுறை நடந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பயணம் முடித்துக் கப்பலில் இங்கிலாந்து வந்து, ரயிலேறி லண்டன் சேர்ந்தவர், விடுதியில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கவனித்தார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தொழுநோயாளிகளோடு வருஷக்கணக்கில் பழகியவர். நோய் தன்னையும் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டி, மனைவி மக்களை விட்டுப் பிரிந்து வாழ்வதைப் பற்றி யோசித்தபடி இரவைக் கழித்தார். விடிந்ததும் மறுபடி ஊசியைக் குத்த, வலி தாங்காமல் கத்திவிட்டார். ரயிலில் ஒரே மாதிரி நெடுநேரம் உட்கார்ந்ததில் நரம்பு நசுங்கி மரத்திருந்தது, அவ்வளவுதான். அன்று அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதை அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். வலியை வரம் என்று ஒரு மருத்துவர் ஊர் ஊராகப் பேசியதற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

கைக்கு அறுவை சிகிச்சை செய்து மடங்கிய விரலை நிமிர்த்துவதில் வேலூர் பேர் வாங்கியது. ஆனால் கால் அவர்களை விடாமல் சோதித்தது. புண்ணை ஆற்றி அனுப்புவார்கள். சில வாரத்தில் அதே இடத்தில் புண்ணோடு ஆள் திரும்பி வருவார். ஓய்வு கொடுத்தால் ஆறுகிறது, நடந்தால் உடைகிறது. அப்படியானால் சதையில் கோளாறு இல்லை, நடையில்தான் இருக்கிறது என்று மெல்லப் புரிந்தது. நானும் நீங்களும் நாலு மைல் நடந்தால் வழியிலேயே நம்மை அறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறோம். குதிகாலிலிருந்து பாரத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறோம், கொஞ்சம் நொண்டுகிறோம், கல்லில் உட்கார்கிறோம். இதையெல்லாம் செய்யச் சொல்வது வலி. மரத்த காலுக்குச் சொல்ல ஆளில்லை. அது முதல் அடியை எப்படி வைத்ததோ அப்படியேதான் கடைசி அடியையும் வைக்கும். ஒரே இடத்தில் ஆயிரம் முறை விழும் சாதாரண அழுத்தமே தோலுக்கு அடியில் சதையை நைந்துபோகச் செய்துவிடும். முள்ளும் ஆணியும் ஏறுவது ஒரு வகைக் கேடு. இறுக்கமான செருப்பு மணிக்கணக்கில் அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது இன்னொரு வகை. முதலில் சொன்னது மூன்றாவது வகை, நடக்க நடக்கச் சேரும் கேடு. பாதப் புண்களில் பெரும்பாலானவை இதனால் வருபவை என்று கண்டதுதான் வேலூரின் பெரிய பங்களிப்பு.

புண்ணை ஆற்ற மாவுக்கட்டு போட்டுப் பாதத்தை அசையாமல் வைக்கும் முறை 1930களிலேயே நம் பக்கத்தில் இருந்தது. இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் அதைச் செய்தவர்களில் முக்கியமானவர். பிராண்ட் அதை எடுத்துக்கொண்டார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அங்கேயும் கொண்டுபோனார். இன்று உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கு அந்தக் கட்டு போடப்படுகிறது. ஆனால் கட்டைப் பிரித்த பிறகு மனிதன் நடந்துதானே ஆக வேண்டும்? எதைப் போட்டுக்கொண்டு நடப்பது?

மரக்கட்டையைப் பாதம் போலக் குடைந்து பார்த்தார்கள். மெழுகு அடி செய்து பார்த்தார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிப் பார்த்தார்கள். மரம் அழுத்தியது, மெழுகு உருகியது, பிளாஸ்டிக் நம் வெயிலுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் நிலைத்தது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதைச் சுருக்கித்தான் எம்.சி.ஆர். என்கிறோம். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் சுமார் 15 டிகிரி என்பது எங்கள் கணக்கு. அதைவிட மெத்தென்று இருந்தால் சில வாரத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். கடினமாக இருந்தால் கால் தாங்காது. கட்டைவிரலால் அழுத்தினால் பாதி இறங்கி, விட்டதும் எழ வேண்டும். இந்த வேலைக்கெல்லாம் தாயகமாக இருந்தது வேலூரை அடுத்த கரிகிரி. 1955இல் ஷீஃப்லின் என்பவரின் பெயரால் அங்கே தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தபோது அது வெறும் கட்டாந்தரை. அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி ஒருபக்கம் கை கால்களைத் திருத்தியபடியே மறுபக்கம் மரங்களை நட்டு அந்த இடத்தைச் சோலையாக்கினார். செருப்புப் பட்டறை அங்கே மருத்துவத்தின் ஓர் அங்கமானது. வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து செருப்பு செய்யக் கற்றுக்கொண்டு போனார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த பகுதி இது. இங்கிருந்து தோலும் ஷூவும் கப்பலேறி உலகமெங்கும் போயின. அதே மண்ணில், உலகம் தொட மறுத்த கால்களுக்கும் ஒரு செருப்பு உருவானது என்பது எனக்கு இன்றும் பெருமை.

அந்தச் செருப்பை எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன். ஆளைக் காகிதத்தின் மேல் முழுப் பாரத்தோடு நிற்க வைக்க வேண்டும். உட்கார்ந்த காலை அளந்தால் செருப்பு சிறிதாகிவிடும். பென்சிலைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து ஓரம் வரைய வேண்டும். பழைய தழும்பு, தோல் காய்த்த இடம், எலும்பு துருத்தும் இடம் எல்லாவற்றையும் அந்தப் படத்திலேயே குறித்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் எம்.சி.ஆர். தகட்டை வெட்டி, அதற்குக் கீழே முள் ஏறாத கடின ரப்பர் அடியை வைப்போம். தோல் வார்களை இரண்டுக்கும் நடுவே கொடுத்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டி, ஓரத்தைச் சீவி, தைத்து முடிப்போம். ஆணி மட்டும் கூடவே கூடாது. அப்பா ஆணி அடித்துச் செருப்பு செய்தவர். என் பட்டறையில் ஆணி டப்பாவுக்கே இடமில்லை. அடியிலிருந்து மேலே முளைத்த ஆணியோடு ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று வந்தவர்களுக்கு நானே காலைக் கழுவிவிட்டிருக்கிறேன்.

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கொக்கி போடும் வாரும் கூடாது. அந்த இடுக்கு அறுந்து புண்ணாகும். குதிகாலைச் சுற்றிப் பின்வார் கட்டாயம் வேண்டும். மரத்த காலிலிருந்து செருப்பு நழுவி வழியில் விழுந்தாலும், போட்டிருப்பவருக்குத் தெரியாது. முடித்த செருப்பை மாட்டி அரை மணி நேரம் நடக்கச் சொல்லி, கழற்றியதும் புறங்கையால் உள்ளங்காலைத் தடவிப் பார்ப்போம். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே பாரம் விழுகிறது என்று பொருள். செருப்பைத் திருத்துவோம். அந்தக் காலுக்காக என் கை வலியை அறிந்து சொன்னது என்றுதான் அதை நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு கருத்தாகச் செய்த செருப்பைச் சிலர் ஊர் எல்லைவரை போட்டுக்கொண்டு போய், பையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் நுழைவார்கள். கறுப்பு ரப்பர், பின்வார், அகலமான பக்கிள் என்று பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிடும். கைத்தறி நெய்யும் ஒரு அம்மா என்னிடம் சொன்னது நெஞ்சில் நிற்கிறது. “தம்பி, புண்ணு வந்தா எனக்கு மட்டும்தான் கஷ்டம். இந்தச் செருப்பைப் பார்த்தா என் பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுடும்.” அவருக்கு அரக்கு நிறத் தோலில், கடையில் விற்கும் மாதிரியே வார் வைத்து, உள்ளே மட்டும் எம்.சி.ஆர். வைத்துச் செய்து கொடுத்தேன். “இதுன்னா போட்டுக்குவேன்” என்று அப்போதே மாட்டிக்கொண்டார். பட்டறைகள் பலவும் அந்த வழிக்கு மெல்ல வந்தன. மனிதர் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளும் செருப்புதான் காலைக் காப்பாற்றும் செருப்பு.

செருப்பு கடைசிக் காவல்தான். அதற்கு முன்னால் நரம்பையே காப்பாற்றும் வழியும் பிறந்தது. நரம்பு வலித்து வீங்கும்போதே பிரெட்னிசலோன் மாத்திரையை மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தால் வீக்கம் இறங்கும். பழுது தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்தவர்களுக்கு உணர்ச்சி திரும்பும் வாய்ப்பு அதிகம். மாத்திரைக்கு அடங்காதபோது, சிலருக்கு அந்த நார்ப்பட்டையைக் கீறி நரம்புக்கு இடம்விடும் அறுவையும் செய்தார்கள். உணர்ச்சி எல்லோருக்கும் திரும்புவதில்லை. தாங்க முடியாத வலி குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நோய் அதிகமாக இருந்த குடியாத்தம் வட்டத்தில் கரிகிரிப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தேமலையும் நரம்பையும் தடவிப் பார்த்தார்கள். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்த பின் கிருமி வேகமாக அடங்கியது. 2005 டிசம்பரில் தேசிய அளவில் தொழுநோய் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது. ஆனால் மருந்தால் கிருமியைத்தான் கொல்ல முடியும். செத்த நரம்பு உயிர் பெறாது. நோய் குணமாகி முப்பது வருஷம் ஆனவர்களும் செருப்புக்காக வந்துகொண்டே இருந்தார்கள்.

பிறகு வேறு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வங்கி ஊழியர், ஆசிரியர், மளிகைக் கடைக்காரர். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள். அவர்களுக்கும் அதே காகிதம், அதே பென்சில், அதே பின்வார், அதே 15 டிகிரி ரப்பர். அவர்களுக்கு நான் சொன்ன பாடமும் பழைய பாடம்தான். தினமும் காலைத் தண்ணீரில் ஊற வை, காய்ப்பைத் தேய்த்து எடு, எண்ணெய் தடவு, கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார், செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடு. சர்க்கரைக்காரர்கள் மட்டும் காலை நீண்ட நேரம் ஊற வைக்கக் கூடாது, வெந்நீர் ஆகவே ஆகாது என்று மருத்துவர்கள் திருத்திச் சொன்னார்கள். மற்றவை அப்படியே பொருந்தின.

ஊரும் உறவும் ஒதுக்கிய மனிதர்கள் தங்கள் பாதங்களைக் கொடுத்துத்தான் இந்த அறிவு நமக்குக் கிடைத்தது. புண் ஆறி, உடைந்து, மறுபடி ஆறி, எந்த ரப்பர் தாங்கும், எந்த நடை கெடுக்கும் என்று தங்கள் உடம்பால் சொல்லித் தந்தவர்கள் அவர்கள். இன்று நம் மாநிலத்தில் சர்க்கரை நோயாளியின் ஒவ்வொரு பாதமும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. தொழுநோயில் இருந்து மீண்ட ஒருவர் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் நகர்ந்து போகாமல் இருப்பது, அந்தக் கடனில் நாம் திருப்பித் தரக்கூடிய மிகச் சிறிய பங்கு.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உள்ளங்கால் எரிந்தாலோ, உள் கணுவில் தட்டும்போது விரல்வரை மின்சாரம் பாய்ந்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். காரணம் சர்க்கரையா, தொழுநோயா, வேறு ஏதாவது நரம்பை நசுக்குகிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தொழுநோய்க்கு மருந்து இலவசம். வலி இருக்கும்போதே போய்விடுங்கள். வலி போன பிறகு வருகிறவர்களுக்கு என்னைப் போன்றவர்களால் செருப்பு மட்டும்தான் செய்து தர முடியும்.